ஏழு கேள்விக்குறிகள்

கறுப்புத் திரையில் லாரி ஒன்றின் முகப்பு விளக்குகள் எரிந்தன. இன்ஜின் ஒரு முறை உறுமியது. அவ்வளவுதான். எல்லாம் அணைந்து, சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. 'தொடங்க முடியவில்லை' என்று அதில் எழுதியிருந்தது.

"என்னை வேண்டாம்னு சொன்னவங்க கூட்டத்துல இப்ப ஒரு கம்ப்யூட்டரும் சேர்ந்துடுச்சு மேடம்," என்றான் பென்சில்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற வீடாகவும் அது இல்லை. நேற்றுக் காலை வேலைக்குப் போன தம்பி இன்னும் திரும்பவில்லை. மத்தியானம் அவன் போனிலிருந்து அக்காவுக்கு ஒரு செய்தி வந்தது. 'டூர் போறேன், தேட வேண்டாம்.' அதோடு போன் அணைந்துவிட்டது. வளர்ந்த ஆள், சொல்லிவிட்டுத்தானே போயிருக்கிறான், இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள் என்று காவல் நிலையத்தில் கையை விரித்துவிட்டார்கள்.

ஆனால் அக்காவின் மடியில் ஒரு சின்ன நீலப் பை இருந்தது. அதற்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே தம்பியின் இன்சுலின். சின்ன வயதிலிருந்து காலையும் ராத்திரியும் தவறாமல் போட்டுக்கொள்கிறவன், அதை ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிட்டு டூர் போவானா? இன்று பொழுது சாய்வதற்குள் ஊசி போகாவிட்டால் நினைவு தப்பிவிடும், அதற்கப்புறம் எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜன்னல் வெயில் தரையைவிட்டு மெல்லச் சுவரில் ஏற ஆரம்பித்திருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பையைப் பத்தி யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் தராசு.

"வெளியில யாருக்கும் தெரியாது மேடம். கிடங்குல தெரிஞ்சா வண்டி ஓட்ட விடமாட்டாங்கன்னு, மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான். எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும்தான் தெரியும். இப்ப உங்களுக்கு."

"அப்படியே இருக்கட்டும்."

தராசு என்பது கடைக்காரர்கள் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர். எடை, அளவு ஆய்வாளராக இருந்த காலத்தில் அந்த அம்மாள் கடைக்குள் நுழைந்தால் படிக்கற்கள் தாமாகவே வியர்க்கும் என்று பேச்சு. வேலையை விட்டுத் துப்பறியத் தொடங்கியபோது வாசல் பலகையில் சொந்தப் பெயரை விட்டுவிட்டு இந்தப் பெயரையே எழுதி மாட்டினார். உதவியாளன் பென்சில், பெயருக்கேற்ற உடம்பு. பிரவுசிங் சென்டர் நடத்தி, வந்தவர்களிடம் வாயாடியே அதை மூடும் நிலைக்குக் கொண்டுவந்த பெருமை அவனுக்கு உண்டு.

"நாம ஏன் மேடம் இந்த விளையாட்டையே கட்டிக்கிட்டு அழறோம்? அவன் போனைத் தேடலாம்ல?"

"போன் அணைஞ்சு கிடக்கு. முந்தாநாள் சாப்பிடும்போது உங்க தம்பி என்ன சொன்னான்? இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

"'அக்கா, என் மேப்புல ஒரு தப்பு வருது. ஆனா தப்பு மேப்புல இல்ல, கட்டடத்துல இருக்கு' அப்படின்னான். சொல்லிட்டுச் சிரிச்சான். எனக்கு ஒண்ணும் புரியல."

தம்பியின் பொழுதுபோக்கு அது. லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றில் நம் தெரு, நம் கிடங்கு, நம் பாலம் என்று தானே அளந்து கட்டிச் சேர்ப்பான். இப்படிச் சேர்ப்பதற்கு மோட் என்று பெயர். தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்குப் பென்சில் அதை அவள் பாஷையிலேயே சொல்லியிருந்தான்: கடையில் வாங்கிய சட்டையில் நாமே வைத்துத் தைக்கிற பை. கடைசியாக அவன் தைத்த பை, அவன் வேலை செய்யும் கிடங்கையும் அதற்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் பழைய குளிர்பதனக் கட்டடத்தையும் கொண்ட மேப். அந்த மேப்பைப் பார்த்தால் அவன் எதைப் பார்த்தான் என்று தெரியும். ஆனால் விளையாட்டோ திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

பென்சில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "நாப்பது மோட் இருக்கு. எதுவோ ஒண்ணு சண்டை போடுது. பாதியை அணைச்சுட்டு ஓட்டணும். ஓடினா, குற்றவாளி அணைச்ச பாதியில. ஓடலன்னா, மிச்சப் பாதியில. அப்புறம் அந்தப் பாதியில பாதி."

"சோப்பைக் கட் பண்ற மாதிரி," என்றார் தராசு. "செய்."

பாதியை அணைத்தான். விளக்கு, உறுமல், சாம்பல் பெட்டி. மறு பாதியை அணைத்தான். அதே பெட்டி. பென்சிலின் நெற்றி சுருங்கியது. மொத்த மோடையும் அணைத்துவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டு அழுத்தினான். விளக்கு எரிந்தது, உறுமியது, பெட்டி வந்து நின்றது.

"இது நியாயமே இல்ல மேடம்! சந்தேகப்பட்ட எல்லாரையும் உள்ள தள்ளியாச்சு. திருட்டு மட்டும் தொடர்ந்து நடக்குது."

தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைக்கிறார் என்றால் எதையோ பிடித்துவிட்டார் என்று அர்த்தம். "அப்படின்னா இங்க இருக்கிறது எதுவும் காரணமில்ல. இங்க இல்லாத ஏதோ ஒண்ணுதான் காரணம்."

அப்போது கதவு திறந்தது. தம்பியின் கூட்டாளி எட்டிப் பார்த்தான். அதே கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குகிறவன். நேற்று மாலையிலிருந்து அலைந்து தேடியதில் கண்கள் சிவந்து கிடந்தன. "என்ன மச்சான், ஓடுதா?" என்று பென்சிலைக் கேட்டான்.

"ஓடுது, நாங்க இருக்கிற திசைக்கு எதிர்ப்பக்கமா."

"வேற எங்கயாவது தேடணும்னா சொல்லுங்க மேடம், நான் போறேன். அந்தப் பழைய கட்டடத்துலகூட நேத்து நானும் அக்கா வீட்டுக்காரரும் பார்த்துட்டோம். ரெண்டு ரூம்தான். ரெண்டும் காலி." அவன் பெருமூச்சு விட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனான். அங்கே அக்காவின் கணவர், எலக்ட்ரீஷியன், காலையிலிருந்து ஒரே நாற்காலியில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

பென்சில் கதவைச் சாத்தினான். "இல்லாததைப் பத்திக் கேட்கணும்னா லாக்கைத்தான் கேட்கணும்."

"எந்தப் பூட்டு?"

"அந்த லாக் இல்ல மேடம். விளையாட்டு விழுந்து சாகும்போது கடைசியா முனகினதை எழுதி வைக்கும். மரண வாக்குமூலம்." அவன் கோப்பைத் திறந்து, புரியாத வரிகளை எல்லாம் தள்ளிக்கொண்டே போய், கடைசி வரியில் நின்றான். பென்சில் பேசாமலிருந்தது தராசையே கலவரப்படுத்தியது.

"என்னடா?"

"மேப் இந்த மெஷின்ல இல்ல மேடம். ஜி டிரைவ்ல இருக்காம். அதாவது வெளியிலேர்ந்து செருகின பென் டிரைவ். விளையாட்டுக்குள்ளேயே ஒரு பட்டன் இருக்கு, மோடை வேற இடத்துக்கு மாத்துறதுக்கு. யாரோ மேப்பைப் பென் டிரைவுக்கு மாத்திட்டு, உருவி எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆனா மாத்தும்போதே விளையாட்டு புது முகவரியைக் குறிச்சு வச்சுக்கும்னு அந்த ஆளுக்குத் தெரியல. வீட்டைக் காலி பண்ணிட்டு, போஸ்ட்மேன்கிட்ட புது அட்ரஸ் கொடுத்துட்டுப் போன திருடன்!"

"எப்ப மாத்தினது?"

"நேத்து ராத்திரி."

தம்பி காணாமல் போனதற்குப் பிறகு. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அப்ப அவன் வந்துட்டுப் போனானா?"

"அவன் இல்லம்மா," என்றார் தராசு. "நேத்து இந்த ரூமுக்குள்ள யார் வந்தாங்க?"

"வெளி ஆள் யாருமே வரல மேடம்."

திரையில் அந்த வரி இப்படி இருந்தது. ஜி என்ற எழுத்து, ஒரு கோடு, அதன் பிறகு வரிசையாக ஏழு கேள்விக்குறிகள், மறுபடி ஒரு கோடு, பிறகு ஆங்கில எழுத்தில் 'கோல்டுஸ்டோர்', கடைசியாக 'ரூம்3'. ரூம்3 என்பதைப் பார்த்ததும் தராசின் விரல் பென்சிலின் தோளில் அழுந்தியது. அதை வாய்விட்டுப் படிக்காதே என்று அர்த்தம். அவன் படிக்கவில்லை.

"இந்தக் கேள்விக்குறி எல்லாம் என்ன? விளையாட்டு நம்மளைக் கேள்வி கேட்குதா?"

"அது ஃபோல்டரோட பேர் மேடம். இந்த விளையாட்டுக்கு இங்கிலீஷ் எழுத்தைத் தவிர எதுவும் தெரியாது. தெரியாத எழுத்து வந்தா ஒண்ணுக்கு ஒரு கேள்விக்குறி போட்டுட்டுப் படுத்துடும். பென் டிரைவ்ல ஃபோல்டருக்குத் தமிழ்ல பேர் வச்சிருக்காங்க. மோட் செய்ற யாரும் இதைச் செய்யமாட்டாங்க. முதல் பாடமே அதுதான்."

"ஆக, வந்த ஆள் விளையாட்டு தெரிஞ்சவர் இல்ல. ஆனா அந்தப் பட்டன் எங்க இருக்குன்னு பார்த்திருக்கார். இவன் விளையாடும்போது பக்கத்துல உட்கார்ந்து பார்த்த ஆள்." தராசு நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "ஏழு எழுத்து. சொல்லு பார்க்கலாம்."

பென்சில் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். தெருக்காரர்கள் தம்பியைக் கூப்பிடும் பெயர் வாண்டு. வா, ண், டு. மூன்றுதான் வந்தது. தம்பி, அதுவும் மூன்று. ஏழு எழுத்தில் சட்டென்று எதுவும் அகப்படவில்லை. அவன் தலையைச் சொறிந்தான்.

"நீ யார் கணக்குல எண்ணுற? உன் கணக்குலயா, மெஷின் கணக்குலயா?" என்றார் தராசு. "எடையைச் சொல்றதுக்கு முன்னாடி எந்தத் தராசுன்னு பார்க்கணும். அதுல தம்பின்னு அடி. அடிச்சுட்டு ஒவ்வொண்ணா அழி."

பென்சில் அடித்தான். அழிக்கும் பொத்தானை ஒரு தட்டு தட்டினான். 'பி' முழுதாகப் போகவில்லை. அதன் தலைமேல் இருந்த கொக்கி மட்டும் போய், 'ப' நின்றது. அடுத்த தட்டுக்கு 'ப' போனது. அடுத்த தட்டுக்கு 'ம்' மேல் இருந்த புள்ளி மட்டும் போனது.

"அட! கொம்பு, கால், புள்ளி எல்லாத்துக்கும் தனித்தனியா டிக்கெட் போடுது மேடம்! தம்பிக்கு அஞ்சு." அவன் வேகமானான். "வாண்டு ஆறு. ஏழு... ஏழுக்கு..."

வேறு வேறு சொற்களை அடித்து அடித்து அழித்தான். ஒரு சொல்லில் அவன் விரல் சட்டென்று நின்றது. ஒரு மனிதனை இன்னொருவன் கூப்பிடுகிற சொல். மறுபடி அடித்து, மெல்ல எண்ணி அழித்தான். ஏழு.

"என்ன சொல்?" என்று அக்கா கேட்டாள்.

பென்சில் திரையைக் காட்டினான். தராசுதான் சொன்னார். "மச்சான்."

அக்காவின் முகத்திலிருந்து ரத்தம் வடிந்துபோனது. இந்த வீட்டில் தம்பி யாருக்கு மச்சான்? அவள் எழுந்தாள். நீலப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். "இங்க வாங்க," என்றாள் கணவரிடம். அவர் வந்தார். கூட்டாளி கூடத்திலேயே நின்றுவிட்டான்.

"நேத்து ராத்திரி நீங்க இந்த ரூம்ல விளக்கு போட்டுக்கிட்டுத் தனியா என்ன செஞ்சீங்க?"

எலக்ட்ரீஷியன் மனைவியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். எதற்குக் கேட்கிறாள் என்று புரிய அவருக்கு நேரமாயிற்று. புரிந்தபோது முகம் சுண்டிவிட்டது.

"படுக்கையைத் தட்டிப் போட்டேன். வந்தா படுக்கணுமே."

"என் தம்பி எங்க? உங்களுக்கும் அவனுக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். எங்க வச்சிருக்கீங்க அவனை? என் தலையில அடிச்சுச் சொல்லுங்க!"

"அவசரப்படாதீங்கம்மா," என்றார் தராசு. "ஏழு எழுத்துல ஆயிரம் சொல் இருக்கு. சார், உங்க மச்சானை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?"

அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எப்படிக் கூப்பிடுறது? நாங்க ரெண்டு பேரும் விரும்பிக் கட்டிக்கிட்டவங்க. அவருக்கு அதுல இஷ்டமில்ல. அஞ்சு வருஷமா ஒரே அடுப்புச் சோறு சாப்பிடுறோம். வாங்க, சாப்பிடுங்க, லைட்டை அணைச்சிடுங்க. இவ்வளவுதான் நாங்க பேசிக்கிட்டது. ஒரு தடவை மச்சான்னு வாயெடுத்தேன். எழுந்து போயிட்டார். அதுக்கப்புறம் நான் எப்படி மேடம் அந்த வார்த்தையை எழுதுவேன்?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சொன்னது உண்மை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

"என்ன மச்சான்?" கூடத்திலிருந்து குரல் வந்தது. "ஓடுதா, இல்லையா?"

நான்கு பேரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தார்கள்.

பென்சில் உதட்டசைவில் எண்ணினான். தராசு மட்டும் அசையவில்லை. மிகத் தாழ்ந்த குரலில் அக்காவிடம் கேட்டார். "வெளி ஆள் யாரும் வரலன்னு சொன்னீங்களே?"

"அவன் வெளி ஆளா மேடம்?" என்றாள் அக்கா. "ராத்திரி வந்தான், சார்ஜர் வேணும்னு. நான்தான் உள்ள போய் எடுத்துக்கன்னு சொல்லிட்டு டீ போடப் போனேன். எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி..."

தராசு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரலை உயர்த்தினார். "ஓடிடுச்சு தம்பி. உள்ள வாங்க, பாருங்க."

கூட்டாளி வந்தான். வந்த வேகத்தைவிட நின்ற வேகம் அதிகம். பென்சில் எழுந்து, தன் மொத்த அகலத்தையும் கதவுக்குக் குறுக்கே வைத்தான். அது பெரிய தடுப்பு இல்லைதான்.

"சார்," என்று எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினார் தராசு. "அந்தப் பழைய கட்டடத்துல நேத்து எத்தனை ரூம் பார்த்தீங்க?"

"ரெண்டு."

"வெளிச்சுவர்ல காத்துப் போக்கி ஓட்டை எத்தனை இருந்துச்சு?"

தொழில்காரர் கண்ணை மூடி யோசித்தார். மூடிய கண் சட்டென்று திறந்தது. "மூணு. வெளியில மூணு ஃபேன் ஓட்டை இருந்துச்சு மேடம். உள்ள ரெண்டுதான் பார்த்தேன். எனக்கு எப்படி அது தோணாம போச்சு!"

"தம்பிக்குத் தோணிடுச்சு. வெளியில அளந்தான், உள்ள அளந்தான். ரெண்டும் சேரல. தப்பு மேப்புல இல்ல, கட்டடத்துல. அதனால மூணாவதா ஒரு ரூமைக் கட்டி மேப்புல வச்சான். நிஜமாவே இருக்கான்னு பார்க்க நேத்து உள்ள போனான்." தராசு கூட்டாளியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மேப் வெளியில போனா அந்த ரூமும் வெளியில போயிடும். அதான் பென் டிரைவ். கிடங்குச் சரக்கை அங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க, இல்லையா?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னே எனக்குப் புரியல. நான் போறேன்."

"போங்க. போறதுக்கு முன்னாடி இந்தப் பையில என்ன இருக்குன்னு மட்டும் பார்த்துட்டுப் போங்க. திறந்து காட்டுங்கம்மா."

அக்கா திறந்தாள். கூட்டாளி எட்டிப் பார்த்தான். சின்னக் குப்பி, ஊசி, குப்பியின் மேல் தம்பியின் பெயர்.

"இது இல்லன்னா உங்க மச்சான் இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள செத்துடுவான்," என்றார் தராசு.

அவன் பேயறைந்த மாதிரி நின்றான். பிறகு அந்தத் தடித்த உடம்பு அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்தது. "அவன் சொல்லவே இல்லையே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! உள்ள வச்சு அடைச்சுட்டு, அவன் போன்லேர்ந்து அந்த மெசேஜை நான்தான் அனுப்பினேன். தண்ணி வச்சேன், பிஸ்கட் வச்சேன். சரக்கை எடுத்துட்டு இன்னிக்கு விட்டுடலாம்னுதான்... பலகை அடுக்குக்குப் பின்னாடி பிளைவுட் சுவர் இருக்கு மேடம், அதைத் தள்ளணும். சீக்கிரம் போங்க!"

எலக்ட்ரீஷியன் கடைசிச் சொல்லைக் கேட்க அங்கே இல்லை. அவர் பைக் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டது. பென்சில் ஆம்புலன்சுக்கும் காவல் நிலையத்துக்கும் போன் போட்டுக்கொண்டே ஓடினான்.

அவர்கள் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது பிளைவுட் சுவர் இரண்டாகக் கிடந்தது. கையில் கிடைத்த இரும்புக் கம்பியால் அவர் அதைப் பிளந்திருந்தார். உள்ளே புது டயர்கள் கூரைவரை அடுக்கியிருந்தன, ரப்பர் நாற்றம் குமட்டியது. டயர்களுக்கு நடுவே, கையில் அளவு நாடாவோடு, தம்பி சுருண்டு கிடந்தான். மூச்சு வேகவேகமாக இழுத்தது. பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் பக்கத்தில் கிடந்தது. எலக்ட்ரீஷியன் அவன் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்திருந்தார். விரல்களில் ரத்தம்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஊசியோடு குனிந்தார்கள். அக்கா பையைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் இரண்டு காவலர்களுக்கு நடுவே கூட்டாளி நின்றான். உள்ளே பார்த்தான். "மச்..." என்று ஆரம்பித்தான். மிச்சம் வரவில்லை. அந்தச் சொல்லின் பாதியிலேயே தலையைக் குனிந்துகொண்டான்.

மிச்சத்தை இன்னொருவர் சொன்னார்.

"மச்சான்," என்றார் எலக்ட்ரீஷியன், தம்பியின் கன்னத்தைத் தட்டி. "மச்சான், கண்ணைத் திறங்க. நான் வந்திருக்கேன். மச்சான்!"

ஊசி இறங்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கும் நேரத்தில் தம்பியின் இமை லேசாக அசைந்தது. கண் கொஞ்சம் திறந்தது. தன்னைத் தாங்கியிருந்த முகம் யாருடையது என்று அது சிரமப்பட்டுத் தேடியது.

"மாமா," என்றான் தம்பி. "வெளிச்சம் கூசுது. லைட்டை அணைச்சிடுங்க."